கடற்பறவைகளுக்குக் கையெழுத்து வேண்டாம்

புரொண்பி
22.05.2009

அன்பின் கோணேஸ்,

கடந்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, கொப்பன்ஹேகனில் ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று கூடி, இரண்டரை மணிநேர ஆலோசனைக்குப் பின்னர், எமது இசைத்தட்டின் அட்டையிலுள்ள மஞ்சள் நிறம் இனிமேல் சற்றுக் கடும் மஞ்சளாக இருக்க வேண்டுமென ஏகமனதாகத் தீர்மானித்தது. ஆறு மஞ்சள்கள் மேசையில் வைக்கப்பட்டன. நான்காவது தெரிவானது. வடிவமைப்பாளருக்குக் கண் கலங்கியது. நானும் கை உயர்த்தினேன் என்பதை உனக்கு அறியத் தருகிறேன்.

இடைவேளையில் கோப்பி எடுக்கப் போனபோது தொலைக்காட்சியில் எங்கள் ஊர் ஓடிக்கொண்டிருந்தது. வடிவமைப்பாளர் பார்த்துவிட்டு, "உங்கள் நாட்டில் யுத்தம் முடிந்துவிட்டதாமே, வாழ்த்துகள்" என்றார். நான் நன்றி சொன்னேன். ஏன் சொன்னேன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன்.

உனக்கு ஐந்து தரம் தொலைபேசி எடுத்தேன். ஐந்து தரமும் உன் மகள் சாரங்கி டேனிஷில், "அப்பா இந்த லைனை ஒருவருக்கும் தரமாட்டார், கடிதம் போடுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆகவே பதினான்கு வருடத்துக்குப் பிறகு கடிதம் போடுகிறேன். உன் தங்கச்சி தவமலரைப் பற்றி ஏதாவது தகவல் உண்டா? முதலில் அதை எழுது.

இனி விடயம். நாங்கள் 1989இல் வெளியிட்ட "இரண்டாம் மாடி இடது" நவம்பரில் மறுபடி வருகிறது. இருபதாம் ஆண்டு நிறைவாம். "டென்மார்க்கின் முதல் அகதி றப் பாட்டு; ஒரு தலைமுறையை உருவாக்கிய முதல் இசைத்தட்டு" என்று நிறுவனம் அச்சடித்திருக்கிறது. அந்தத் தலைமுறையை உருவாக்கியபோது உனக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு இருபத்தொன்று. நாங்கள் எடுக்க நினைத்திருந்தது கார் ஓட்டும் லைசென்ஸ். அன்று விற்றது எண்ணூறு பிரதி. அன்றே வாங்கிவிட்டோம் என்று இன்று சொல்பவர்கள் உங்கள் ஸ்கீவ நகரத்தின் சனத்தொகையைவிட அதிகம்.

கூடவே ஒரு சிறு புத்தகமும் வரும். அதில் ஒரு பேராசிரியர் எங்கள் மூன்றாவது பாட்டில் மேளத்துக்குப் பின்னால் கத்தும் கடற்பறவைகளைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். லிம்ஃபியோர்ட் கடலேரிக் கரையில் அகதி கேட்ட முதல் வரவேற்புக் குரல் அதுதானாம். வாசித்தபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

இணைத்துள்ள தாளில் கையெழுத்து வைத்து அனுப்பு.

உன்
நிர்மலன்


ஸ்கீவ
29.05.2009

அன்பின் நிர்மலன்,

கையெழுத்து வைத்திருக்கிறேன். மஞ்சள் விடயத்தில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

தவத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடைசியாகக் கதைத்தது ஜனவரி பதினேழு. கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டுவிட்டதாகவும், பள்ளிக்கூடத்தின் வரவு இடாப்பைத் தன்னுடன் கொண்டுபோவதாகவும் சொன்னாள். ரீச்சர் அல்லவா. பிள்ளைகள் எங்கே என்று எழுத இடாப்பு வேண்டுமாம். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வருகிற பட்டியல்களையெல்லாம் பார்க்கிறேன். வேறு தவமலர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். வயது பொருந்தவில்லை.

அதனால்தான் தொலைபேசியைத் தொடுவதில்லை. யாராவது "எப்படிச் சுகம்" என்று கேட்கிற அந்த நிமிடத்தில் அவள் எடுத்தால் என்ன செய்வது? வேலையிலும் அதே பாடு. மட்டி பதனிடும் இடத்துக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோகக் கூடாது. நான் சப்பாத்துக்குள் வைத்திருக்கிறேன். மேற்பார்வையாளனுக்குத் தெரியும். அவன் எங்கள் இரசிகன். ஒவ்வொரு மார்கழியும் நத்தார் விருந்தில் நான் மேசையில் ஏறி எங்கள் முதல் பாட்டைச் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக அவன் சப்பாத்தைப் பார்ப்பதில்லை. வந்திறங்கிய வருடம் எழுதியதை நாற்பத்திரண்டு வயதில், "நான் பத்தொன்பது, எனக்கு நாடில்லை" என்று சொல்கிறேன். எல்லாரும் கூடவே சொல்கிறார்கள். எனக்குச் சொல் மறந்துபோனால் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

நீ கொப்பன்ஹேகனுக்குப் போய் நகரசபைக் கொம்யூனில் அதிகாரி ஆனாய். நான் இங்கேயே நின்றேன். அந்த இசைத்தட்டுக்குள் யார் அகப்பட்டது என்று கேட்டால் இரண்டு பேரும்தான் என்று சொல்வேன். ஆனால் உனக்கு யன்னல் உண்டு.

அன்புடன்
கோணேசன்


புரொண்பி
18.06.2009

அன்பின் கோணேஸ்,

இதை இருந்துகொண்டு வாசி.

பழைய ஒலிப்பதிவைத் துப்புரவு செய்பவர் நீக்கிலாஸ் என்றொரு இளைஞர். காதில் எப்போதும் ஏதாவது மாட்டியிருப்பார். எங்கள் மூலக் கசற்றைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். கடற்பறவை ஒரு நாளும் இருமாது என்றார்.

உனக்கு நினைவிருக்கும். ஸ்கீவ இளைஞர் மன்றத்தில் நாலு தடத்தில் பதிகிற கசற் மெசின் ஒன்று இருந்தது. வெறும் கசற் இல்லாத நாளில், ஊரிலிருந்து உனக்குக் கடிதமாக வந்த கசற் ஒன்றைப் போட்டு, முதல் இரண்டு தடத்திலும் மேளத்தைப் பதிந்தோம். மூன்றாம் நாலாம் தடங்களில் நாங்கள் பதியாமலே ஏதோ கீச்சிட்டது. மன்றத்துப் பொறுப்பாளர் கடற்பறவை மாதிரி இருக்கிறது என்றார். நல்லாயிருக்கு, விடு என்றோம். பிறகு பத்திரிகைக்காரர் கேட்டபோது துறைமுகத்தில் பதிந்தோம் என்று சொன்னதும் நாங்கள்தான்.

நீக்கிலாஸ் விளக்கினார். அந்த மெசினின் நாலு தடம் என்பது கசற்றின் இரண்டு பக்கமும் சேர்ந்ததுதானாம். மற்றப் பக்கம் அதில் பின்புறமாக ஓடும். அந்த மெசின் இரட்டை வேகம் வேறு. அவர் அதை நேராக்கி, வேகத்தைப் பாதியாக்கி எனக்குப் போட்டுக் காட்டினார்.

அது தவத்தின் குரல். நாலு நிமிடம். நான் முதல் அரை நிமிடத்தோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன், ஏனென்றால் அது எனக்குச் சொன்னது அல்ல. நீ கேட்டால் சீடி அனுப்புகிறேன்.

நிறுவனத்தின் சட்டத்தரணி எமிலியா உடனே கூட்டம் கூட்டினார். நல்ல பெண். அவருடைய நிலைப்பாடு தெளிவானது: கடற்பறவைகளுக்குக் கையெழுத்து வேண்டாம், மனிதருக்கு வேண்டும். அந்தப் பெண்மணி எங்கே இருக்கிறார் என்று கேட்டார். அதைத்தான் உலகமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னேன். அவர் "விலாசம் தெரியாது" என்று குறித்துக்கொண்டார்.

நிர்மலன்


ஸ்கீவ
25.06.2009

அன்பின் நிர்மலன்,

உயிரோடு இருக்கிறாள். நேற்றுக் காலை பத்து மணிக்குச் சப்பாத்து அடித்தது. மட்டிக் கூடையை அப்படியே விட்டுவிட்டுக் கழிப்பறைக்குள் ஓடினேன்.

"அண்ணை, நான் தவம். மூண்டு நிமிசம்தான்."

"எங்க நிக்கிறாய்?"

"செட்டிகுளம் முகாமில. ஒரு கூடாரத்துக்குள்ள. பதினொரு பேர்."

"காயம்?"

"காயம் இல்லை. கண்ணாடி உடைஞ்சு போச்சு. சாரங்கி எத்தினையாம் வகுப்பு?"

"ஒன்பது."

"டேனிஷ் நல்லாக் கதைப்பாளோ?"

"அதிலதான் என்னோட சண்டை பிடிக்கிறவள்."

சிரித்தாள். "முள்ளுக்கம்பிக்கு வெளியால போக விடமாட்டினம். வேற ஒண்டும் இல்லை. யோசேப் சுவாமி எண்டு ஒரு பாதர் கிழமைக்கு ஒருக்கா வாறவர், கடிதம் எண்டா அவரிட்டக் குடுத்து விடலாம். பின்னால ஆக்கள் நிக்கினம் அண்ணை, வைக்கிறன்."

இடாப்பைப் பற்றிக் கேட்க நினைத்தேன். கேட்காதது நல்லது.

திரும்பி வந்தபோது மேற்பார்வையாளன், "நல்ல செய்தியா?" என்றான். தங்கச்சி கம்பிக்குள் இருக்கிறாள் என்று சொன்னேன். முகத்தை எப்படி வைப்பது என்று தெரியாமல் நின்றான். நானும் சிரித்துக்கொண்டல்லவா சொன்னேன்.

கசற் விடயம். 88 கார்த்திகையில் ஊரிலிருந்து வந்த ஒரு ஆள் கைவசம் அது வந்தது. முதல் பக்கத்தில் அப்பா, சித்தப்பா, அயலட்டை எல்லாரும் கதைத்திருந்தார்கள். கடைசியில் தவம், "சரி, ரேப் முடியப் போகுது" என்றாள். கசற் கடிதத்தின் மற்றப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று உனக்கும் தெரியும். வெறுமனே அனுப்பக் கூடாதென்று றேடியோவில் போகிற பாட்டைப் பதிந்து நிரப்பி விடுவார்கள். நான் அப்போது ஊர்ப் பாட்டுக் கேட்பதை விட்டுவிட்டேன். நியூயோர்க்கில் யாரோ கோபமாகக் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் திருப்பிப் போடவில்லை.

சீடியை அனுப்பு.

கோணேசன்


ஸ்கீவ
08.07.2009

நிர்மலன்,

கேட்டேன். உனக்குச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே வேறு ஆளில்லை. அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணை, நான் தவம். அந்தப் பக்கத்தில எல்லாரும் கதைச்சாச்சு. இது நான் தனியக் கதைக்கிறது. அப்பா கோயிலுக்குப் போட்டார். ஒரு பாட்டை அழிச்சுப்போட்டுத்தான் பதியிறன், கோவிக்காதேங்கோ. றோஸ் ரீச்சரும் அவவின்ர தங்கச்சியும் தை மாசம் கொழும்பால வெளிக்கிடினம். என்னையும் கூட்டிக்கொண்டு வாறதாம். நான் வந்தா அங்க உங்களோட இருக்கலாமோ? அப்பாவைக் கேட்டா விடமாட்டார், நீங்கள் சொன்னா விடுவார். ஓம் எண்டா ஒரு போஸ்ட்காட்டில ஓம் எண்டு மட்டும் எழுதுங்கோ. ஒண்டும் வராட்டி வேண்டாம் எண்டு விளங்கிக்கொள்ளுவன். பிறகு இதைப் பற்றிக் கேக்க மாட்டன்."

மிகுதி குளிரைப் பற்றி. சேலை கட்டலாமோ, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க எத்தனை வருடம் படிக்க வேண்டும் என்று. இடையில் இருமுகிறாள். நீக்கிலாஸ் சொன்ன இருமல். முடிவில் அழிபடாமல் மிஞ்சிய பாட்டின் கடைசி அடி வருகிறது.

பிறகு அவள் கேட்கவே இல்லை. இருபது வருடத்தில் ஒருதரமும் இல்லை.

றோஸ் ரீச்சர் ஜேர்மனியில் இருக்கிறாவாம். நாங்கள் அந்த வசந்த காலத்தில் மேளம் பதிந்தோம்.

கோணேசன்


புரொண்பி
21.07.2009

அன்பின் கோணேஸ்,

உன் கடிதத்துக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒரு கிழமை கடந்துவிட்டது. நான் கொம்யூனில் ஒருங்கிணைப்பு ஆலோசகன். மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்வது எப்படி என்று வருடத்துக்கு இரண்டு தரம் பயிற்சி கொடுப்பவன். அந்தப் பயிற்சித் தாளை எடுத்துப் பார்த்தேன். "மௌனத்துக்கு இடம் கொடுங்கள்" என்று முதலாவதாக இருக்கிறது. ஒரு கிழமை கொடுத்தேன்.

இப்போது நடைமுறை. எமிலியா படிவம் தயாரித்துவிட்டார். கொழும்பில் ஒரு சட்டத்தரணி மூலம் யோசேப் சுவாமியிடம் போகும். தவம் கையெழுத்து வைத்தால் மூன்றாவது பாட்டு இருக்கும். இல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள். எடுத்தால் இசைத்தட்டே வேண்டாம் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். அவருடைய நான்கு பக்கமும் அதில்தான் நிற்கிறது.

படிவத்தில், குரல் எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்று விளக்குவதற்கு அரைப் பக்கம் இருக்கிறது. அதைத் தமிழில் நீதான் நிரப்ப வேண்டும் என்கிறார் எமிலியா. நான் ஒரு வசனம் எழுதித் தருகிறேன்: "பழைய குடும்ப ஒலிப்பதிவொன்றில் உள்ள உங்கள் குரல் பின்னணியில் சிறிதளவு கேட்கிறது." இதில் பொய் ஒன்றும் இல்லை. எமிலியா சரி என்றுவிட்டார்.

அவள் இப்போது கம்பிக்குள், பதினொரு பேருடன், கண்ணாடி இல்லாமல் இருக்கிறாள். இருபது வருடமாக அவளிடம் ஒரு பதில் இருந்தது. நல்லதோ கெட்டதோ, அதோடு வாழ்ந்து பழகியிருப்பாள். அதை ஏன் இப்போது பிடுங்குகிறாய்? உன்னுடைய மனம் ஆறுவதற்காகவா? வெளியே வரட்டும். பிறகு சொல். சொல்லாமலும் விடலாம்.

உன் நண்பன்
நிர்மலன்


ஸ்கீவ
11.08.2009

அன்பின் நிர்மலன்,

உன் வசனம் நல்ல வசனம். கொம்யூனில் உனக்கு மதிப்பு இருப்பது வீண் இல்லை. அதை ஒரு கிழமை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அதையே எழுதுவது என்றுதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, ஏன் பேசாமல் நிக்கிறியள்? நிமிசம் போகுது."

"நீ முந்தி ஒருக்கா கசற்றில என்னட்டை ஒண்டு கேட்டனி."

பின்னால் ஒரு பிள்ளை அழுதது.

"அதை இப்ப ஏன் அண்ணை? நீங்கள் வேண்டாம் எண்டது சரிதான். அந்த நேரம் உங்களுக்கே அங்க இருக்க இடமில்லை, விசாவும் இல்லை. எத்தினை நாள் யோசிச்சு, எவ்வளவு கஸ்டப்பட்டுப் பதில் போடாமல் விட்டிருப்பியள் எண்டு எனக்குத் தெரியாதோ? அப்பாவுக்கும் கடைசியில ஆள் வேண்டிக் கிடந்தது. நான் ஒரு நாளும் கோவிக்கேல்லை. ஆம்பிளையள் அழுறதை எழுதமாட்டினம் எண்டு றோஸ் ரீச்சரும் சொன்னவ."

"தவம், நான்..."

"ஃபோனைத் திருப்பிக் கேக்கினம் அண்ணை, வைக்கிறன்."

நிர்மலன், அவளுக்கு ஒரு அண்ணன் இருந்திருக்கிறான். அவளுடைய கேள்வியைக் கேட்டவன், நாட்கணக்காக யோசித்தவன், அழுதவன், அவளுக்காகவே ஒன்றும் எழுதாமல் விட்டவன். இருபது வருடம் அவள் அவனோடுதான் கதைத்திருக்கிறாள். என் பிறந்தநாளுக்கு வந்த வாழ்த்து மட்டைகளெல்லாம் அவனுக்கு வந்தவை. நான் அவனைச் சந்தித்ததில்லை. நல்ல மனிதர் போல் தெரிகிறது.

அவனுடைய பெயரில் கையெழுத்து வாங்க என்னால் முடியாது. உன் வசனத்தைக் கிழித்துவிட்டு இப்படி எழுதினேன்:

"1988 கார்த்திகையில் நீ அனுப்பிய கசற்றின் இரண்டாம் பக்கத்தை நான் கேட்கவில்லை. பாட்டுத்தான் இருக்கும் என்று நினைத்தேன். யோசிக்கவும் இல்லை, முடிவெடுக்கவும் இல்லை. அதே கசற்றில் மேளம் பதிந்தோம். உன் குரல் பின்புறமாக, இரட்டை வேகத்தில் அந்த மேளத்துக்குப் பின்னால் ஓடுகிறது. அதைக் கடற்பறவை என்று இருபது வருடமாக எல்லாருக்கும் சொல்லி வந்தோம். அந்தப் பாட்டால்தான் எங்களை இங்கே தெரியும். இந்த யூலை மாதம்தான் முதன்முதலாகக் கேட்டேன். உன் அண்ணன் கோணேசன்."

அரைப் பக்கம் போதவில்லை. ஓரத்திலும் எழுதினேன். எமிலியாவுக்கு நேரடியாக அனுப்பிவிட்டேன், நீ படித்தால் திருத்துவாய் என்று.

கோணேசன்


ஸ்கீவ
30.09.2009

அன்பின் நிர்மலன்,

சுருக்கமாக எழுதுகிறேன். படிவத்தைச் செப்டெம்பர் மூன்றாம் திகதி அவளுடைய கையிலேயே கொடுத்ததாக யோசேப் சுவாமி சாரங்கியின் மின்னஞ்சலுக்கு எழுதியிருக்கிறார். அவரே வாசித்துக் காட்டினாராம், கண்ணாடி இல்லாதபடியால். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னாளாம். பிறகு படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு, அடுத்த கிழமை வாருங்கள் என்றாளாம்.

அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. அங்கே தொலைபேசி வைத்திருந்தவரைப் பிடித்துவிட்டார்களோ என்னவோ. சிலரை வெளியே விடுகிறார்கள் என்றும் கேள்வி. லைனை ஒருவரும் தொடுவதில்லை. சாரங்கி தன் சிநேகிதிகளுடன் கதைக்க வெளியே பஸ் நிலையத்துக்குப் போகிறாள்.

படிவம் வந்தால் அன்றே எனக்கு எழுது.

கோணேசன்


புரொண்பி
27.10.2009

அன்பின் கோணேஸ்,

படிவம் நேற்று வந்தது. எமிலியாவின் அலுவலகத்தில் வைத்துப் பார்த்தேன். பிரதி தர அனுமதி இல்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

கையெழுத்து அவளுடையதுதான். எழுத்து ஒழுங்காக, ரீச்சர் எழுத்தாக இருக்கிறது. புதுக் கண்ணாடி கிடைத்திருக்க வேண்டும். நீ எழுதிய பந்தியில் ஒரு எழுத்தின் மேல் விடுபட்டிருந்த குற்றைப் போட்டிருக்கிறாள்.

குரலைப் பயன்படுத்தச் சம்மதமா என்ற கேள்விக்கு, சம்மதம். பெயரைப் போடலாமா என்ற கேள்விக்கு, போடலாம், முழுப்பெயர். குரலை நேராக ஒலிக்கும்படி மாற்ற விரும்புகிறீர்களா என்று நீக்கிலாஸ் ஒரு கேள்வி சேர்த்திருந்தார். "இருந்தபடியே இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறாள். இசைக்கலைஞர்களுக்கு உங்களுடன் உள்ள உறவு என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

கொடுத்திருக்கும் விலாசம் முகாமின் விலாசம் அல்ல. தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. எமிலியா அந்தப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டுதான் காட்டினார். விலாசத்தையும் இலக்கத்தையும் கலைஞர்களுக்குத் தரலாமா என்று கடைசியில் ஒரு கேள்வி உண்டு. "இல்லை" என்ற கட்டத்தில் அடையாளம் இட்டிருக்கிறாள்.

இசைத்தட்டு நவம்பர் ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை, கடைகளுக்கு வருகிறது.

நிர்மலன்